இணையக் கடைக்கு வந்தவர்கள் எத்தனை பேர்?

இணையத்தில் கடை நடத்துபவர்களில் பலர் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது வருகையாளர் எண்ணிக்கையைத்தான். நேற்று 412, இன்று 380 என்றால் முகம் வாடிவிடுகிறது. ஆனால் அந்த எண்ணை யாரும் வாசலில் நின்று எண்ணவில்லை. சில தடயங்களை வைத்து ஒரு மென்பொருள் ஊகித்த கணக்கு அது. எந்தத் தடயத்திலிருந்து எந்த ஊகம் வந்தது என்று தெரிந்துகொண்டால்தான், அதை நம்பி விலையை மாற்றலாமா, விளம்பரத்தை நிறுத்தலாமா என்று முடிவெடுக்க முடியும்.

நம் பிரவுசர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, அந்தத் தளத்தைத் தாங்கும் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்கிறது. கேட்டவரின் ஐபி முகவரி (இணையத்தில் அவருடைய இணைப்பை அடையாளம் காட்டும் எண்), தேதி, நேரம், கேட்ட கோப்பின் பெயர், அனுப்பிய பைட்டுகளின் அளவு ஆகியவை அந்த வரியில் இருக்கும். கேட்டதைக் கொடுத்துவிட்டால் 200 என்றும், அப்படி ஒரு பக்கமே இல்லையென்றால் 404 என்றும் ஓர் எண் இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தார், எந்த பிரவுசரில் வந்தார் என்பதையும் பெரும்பாலான சர்வர்கள் குறித்துக்கொள்கின்றன. அவ்வளவுதான். வந்தவர் யார், வாங்க வந்தாரா, வேடிக்கை பார்க்க வந்தாரா என்பதெல்லாம் அதில் கிடையாது.

இணையம் பரவத் தொடங்கிய 1990களில் இந்த வரிகளை அப்படியே கூட்டி ‘ஹிட்ஸ்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். ஒரு பக்கத்தில் 30 படங்கள் இருந்தால், ஒருவர் ஒருமுறை திறந்ததற்கே பதிவேட்டில் 31 வரிகள் விழும். படங்களைக் கூட்டினாலே ‘கூட்டம்’ கூடிவிடும். இன்றும் யாராவது ஹிட்ஸ் கணக்கைக் காட்டி விளம்பர இடம் விற்க வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது நல்லது.

ஐபி முகவரியை வைத்து ஆட்களை எண்ணலாமே என்று தோன்றும். அதுவும் சரிவராது. மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டுத் தருகின்றன. தூத்துக்குடியில் உட்கார்ந்து பார்ப்பவர் சென்னைக்காரராகப் பதிவாவதும் இதனால்தான். ஊர்வாரிப் பட்டியலை மட்டும் நம்பி ஓர் ஊருக்கு விளம்பரம் செய்யக் கூடாது.

இந்தச் சிக்கலில் கைகொடுத்தது குக்கி. 1994இல், பிரவுசர் தயாரித்த நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மொன்டுல்லி அதை உருவாக்கினார். சர்வர் ஒரு சிறு குறியீட்டை பிரவுசரிடம் கொடுத்துவைக்கும். அடுத்த முறை வரும்போது பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். நெட்ஸ்கேப் தளத்துக்கு வருபவர் ஏற்கெனவே வந்தவர்தானா என்று பார்ப்பதே அதன் முதல் பயன்பாடுகளில் ஒன்று. ஆக, இன்று நாம் ‘பயனர்கள்’ என்று படிக்கும் எண், பெரும்பாலும் குக்கிகளின் எண்ணிக்கைதான். மதியம் அலுவலகக் கணினியில் ஒரு புடவையைப் பார்த்துவிட்டு இரவு தன் மொபைலில் வாங்கும் ஒரு பெண் கணக்கில் இரண்டு பேராகிறார். ஒரே மொபைலைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பம் முழுவதும் ஒருவராகிறது. ஆப்பிளின் சஃபாரி பிரவுசர் 2019 முதல், பக்கத்தில் ஓடும் நிரல் எழுதிவைக்கும் குக்கிகளை 7 நாட்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை. பத்து நாள் கழித்துத் திரும்பி வரும் பழைய வாடிக்கையாளர் அங்கே புதியவர். புதிய வருகையாளர் சதவீதம் உயர்ந்திருக்கிறது என்று மகிழும் முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எங்கிருந்து வந்தார் என்ற கணக்கிலும் ஓர் ஓட்டை உண்டு. வாட்ஸ்அப்பில் பகிர்ந்த இணைப்பைத் தொட்டு வருபவர் பெரும்பாலும் எங்கிருந்து வந்தார் என்ற குறிப்பைச் சுமந்து வருவதில்லை. மென்பொருள் அவரை ‘நேரடி வருகை’ என்ற பெட்டியில் போட்டுவிடுகிறது. நம் ஊர்ச் சிறு வியாபாரங்களில் பாதிப் பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில்தான் நடக்கிறது. அந்த உழைப்பின் பலன் கணக்கில் காணாமல் போனால், பலன் தரும் இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ பணத்தைக் கொட்ட நேரிடும். இதற்குப் பரிகாரம் எளிது. பகிரும் இணைப்பின் வாலில் எந்தக் குழு, எந்தச் சலுகை என்று சொல்லும் யுடிஎம் குறிப்பைச் சேர்த்து அனுப்பினால் போதும். 2005இல் கூகுள் வாங்கிய அர்ச்சின் என்ற நிறுவனத்தின் ஏற்பாடு இது. அந்த நிறுவனத்தின் வருகைக் கணக்கு மென்பொருள்தான் அதே ஆண்டு கூகுள் அனலிட்டிக்ஸ் ஆனது.

தடயங்களின் குறை ஒருபுறம் இருக்கட்டும். எல்லாம் துல்லியமாகப் பதிவானாலும், மொத்தத் தொகையை மட்டும் பார்ப்பவரை அது தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். கருப்பட்டி விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். ஒரு மாதம் கணினியில் 1,000 பேர், மொபைலில் 1,000 பேர் வந்தார்கள். கணினியில் வந்தவர்களில் 40 பேரும் மொபைலில் 10 பேரும் வாங்கினார்கள். 2,000 பேரில் 50 ஆர்டர், அதாவது 2.5 சதவீதம். அடுத்த மாதம் கடைக்காரர் பணம் செலுத்தும் பக்கத்தை எளிமையாக்கினார். ஒரு வீடியோ பரவி மொபைல் கூட்டமும் பெருகியது. கணினியில் வந்த 1,000 பேரில் 44 பேர் வாங்கினார்கள், மொபைலில் வந்த 4,000 பேரில் 48 பேர். மொத்தம் 5,000 பேரில் 92 ஆர்டர்; சதவீதம் 1.84.

இப்போது பாருங்கள். கணினியில் 4 சதவீதம் 4.4 ஆகியிருக்கிறது. மொபைலில் 1 சதவீதம் 1.2 ஆகியிருக்கிறது. இரண்டும் ஏறியிருக்க, மொத்தம் மட்டும் இறங்கியிருக்கிறது. ஏற்கெனவே குறைவாக வாங்கும் பிரிவில் ஆள் பெருகியதே காரணம். புள்ளியியலில் இதற்கு சிம்ப்சன் முரண் என்று பெயர். மொத்தத்தை மட்டும் பார்த்த கடைக்காரர் நன்றாக வேலை செய்த புதிய பக்கத்தைத் தூக்கிவிட்டுப் பழையதையே திரும்ப வைத்திருப்பார். பிரித்துப் பார்த்தவருக்கு அடுத்த வேலை எதுவென்று தெரியும்: கணினியில் 4.4 சதவீதம் பேர் வாங்கும் இடத்தில் மொபைலில் 1.2 சதவீதம் பேர் மட்டுமே வாங்குவது ஏன்? விலாசம் எழுதும் பெட்டி சிறியதாக இருக்கிறதா? டெலிவரி கட்டணம் கடைசித் திரையில்தான் தெரிகிறதா? மொபைலை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து பணம் கட்டும் வரை தாமே ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

மாற்றம் செய்தபின் அது பலித்ததா என்று அறிவதற்கு ஒரு நேர்மையான வழி, இரண்டு வடிவங்களையும் ஒரே காலத்தில், வருபவர்களுக்குக் குலுக்கல் முறையில் பிரித்துக் காட்டுவது. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஒபாமா தயாரானபோது, அவருடைய இணையதளத்தில் டான் சிரோக்கர் என்பவர் தலைமையிலான குழு இதைச் செய்தது. முகப்பில் வைக்கப் படங்களும் வீடியோக்களுமாக மொத்தம் ஆறும், பட்டனில் எழுத நான்கு வாசகங்களும் இருந்தன. மொத்தம் 24 சேர்க்கைகள். ஏறக்குறைய 3,10,000 வருகையாளர்களிடம் அவற்றைக் காட்டினார்கள். குழுவினர் வீடியோதான் வெல்லும் என்று நினைத்திருந்தார்கள். எல்லா வீடியோக்களும் படங்களிடம் தோற்றன. குடும்பப் படமும் ‘மேலும் அறிக’ என்ற பட்டனும் சேர்ந்த பக்கம் வென்றது. பழைய பக்கத்தில் 8.26 சதவீதம் பேர் பதிவு செய்துகொண்ட இடத்தில் இதில் 11.6 சதவீதம் பேர் பதிவு செய்தார்கள். அனுபவசாலிகளின் ஊகம் இவ்வளவு சறுக்கும் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

ஆனால் அந்தச் சோதனைக்கு லட்சக்கணக்கானோர் கிடைத்தார்கள். வாரத்துக்கு 1,000 பேர் வந்து 20 பேர் வாங்கும் கடையில், எதையும் மாற்றாமலே ஒரு வாரம் 16 ஆர்டரும் அடுத்த வாரம் 24 ஆர்டரும் வருவது தற்செயலின் இயல்பு. அதை வெற்றி என்றோ வீழ்ச்சி என்றோ படிக்கக் கூடாது. வாங்குவோர் விகிதம் 2 சதவீதத்திலிருந்து 2.5 ஆனதை ஓரளவு உறுதியாகச் சொல்லவே ஒவ்வொரு வடிவத்துக்கும் சுமார் 12,500 பேர் தேவை. இரண்டு வடிவங்களுக்கும் சேர்த்தால், அந்தச் சிறு கடைக்கு அது ஆறு மாதக் கூட்டம்.

அதனால் சிறு கடைக்காரர்கள் நுட்பமான சோதனைகளில் காலத்தைச் செலவிடுவதைவிட, தளத்துக்குள் இருக்கும் தேடல் பெட்டியின் பதிவைப் படிக்க வேண்டும் என்பேன். அங்கே ஊகத்துக்கு வேலை குறைவு. வாடிக்கையாளர் தனக்கு என்ன வேண்டும் என்று தானே தட்டச்சு செய்திருக்கிறார். அதில் ‘பூஜ்யம் முடிவுகள்’ என்று வந்த தேடல்களைத் தனியாக எடுங்கள். கருப்பட்டியை ஒருவர் தமிழில் தேடியிருப்பார், இன்னொருவர் ஆங்கில எழுத்தில் ஒற்றை ‘டி’ போட்டு, வேறொருவர் இரட்டை ‘டி’ போட்டு, மற்றொருவர் பனைவெல்லம் என்று. சரக்கு கடையில் இருக்கிறது. இல்லை என்று தளம் சொல்லி அனுப்பியிருக்கிறது. இத்தனை எழுத்து வடிவங்களையும் அந்தப் பொருளின் தேடல் சொற்களில் சேர்க்க ஒரு மணி நேரம் போதும்.