நோட்டு: கல்யாணப் பந்தலில் கேட்கும் நோட்டு எது?

கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம். கச்சேரி முடியப் போகிற நேரத்தில் முன்வரிசைப் பெரியவர் ஒருவர் நாகஸ்வரக்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, இன்னும் ஒரு நோட்டுக்கூட வரவில்லையே?" என்றார். என் அக்கா மகன் என் காதோரம் வந்து, "மாமா, வாசிக்கிறவருக்குத் தாத்தாதானே பணம் கொடுக்க வேண்டும்? அவரிடமே கேட்கிறாரே?" என்றான். அதற்குள் நாகஸ்வரக்காரர் ஊதும் நாணல் முனையான சீவாளியை உதட்டில் நனைத்துக்கொண்டு, பேண்டு வாத்தியம் போல ஒன்றை விறுவிறுவென்று எடுத்துவிட்டார். பெரியவர் கேட்ட நோட்டு அதுதான்.

சொல் ஆங்கிலம் வழியாக வந்தது. மூலம் லத்தீன் 'நோட்டா'. குறி, அடையாளம் என்று பொருள். பள்ளிக்கூட நோட்டும் ரூபாய் நோட்டும் அதே வேரில் பிறந்தவை. 'நோட்டம் பார்ப்பது' மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது நம் சொல். காசின் நல்லது கெட்டது பார்த்தவரை நோட்டக்காரர் என்றார்கள்.

சங்கீதத்தில் இந்த நோட்டு நிலைத்ததற்கு முத்துசுவாமி தீட்சிதர் பெரிய காரணம். இளமையில் அவர் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் முத்துகிருஷ்ண முதலியாரின் ஆதரவில் இருந்தது. கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு அங்கே கிடைத்தது. தம்பி பாலுசுவாமி பிடிலைக் கற்றுக்கொண்டார்; பின்னாளில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானானார். அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் பாட்டுக் கட்டினார். ஏறக்குறைய நாற்பது உருப்படிகள். அவற்றுக்குத்தான் நோட்டுஸ்வரம் என்று பெயர். தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் மறைந்தார், சமாதியும் அங்கேதான்.

ஒன்றைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் பாட்டின் முதல் அடிக்கு ஆறு சுரங்கள்: ஸ ஸ ரி நி ஸ ரி. அந்த 'நி' மட்டும் மந்தரத்தில், அதாவது கீழ் ஸ்தாயியில் விழும். தீட்சிதர் அதில் 'சந்ததம் பாஹிமாம்' என்று வைத்தார். சந்-த-தம்-பா-ஹி-மாம்: ஆறு அசை, ஆறு சுரம், மூன்று மூன்றாக நடக்கிற நடை. ஒரு சுரமும் அசையாது, சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் என்ற பேச்சே இல்லை. அரசரைக் காப்பாற்றச் சொன்ன மெட்டு, சியாமளை அம்மனிடம் 'என்னைக் காப்பாற்று' என்று கேட்கிறது. கம்பெனிச் சிப்பாய் காதில் விழுந்திருந்தால் எழுந்து நின்று சலாம் வைத்திருப்பான்!

இவை சங்கராபரண ராகத்தில் அமைந்ததில் ஆச்சரியம் இல்லை. மேலைநாட்டார் அதிகம் புழங்கும் சுரவரிசையும் நம் சங்கராபரணமும் ஒன்றே. ஓதுவார்கள் தேவாரத்தில் பழம்பஞ்சுரம் என்று பாடுவதும் அதைத்தான். ஆகவே சுரங்கள் நமக்குப் புதியவை அல்ல. அசைக்காமல் நிமிர்த்திப் பாடிய விதம்தான் புதிது.

தாமிரபரணிக் கரைக்காரரான ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945) அடுத்த அடியை வைத்தார். வெளியிலிருந்து வந்த மெட்டுக்கு அவர் சொல் கட்டவில்லை. மேலைநாட்டுச் சாயலில் தாமே மெட்டமைத்தார். அதுதான் 'இங்கிலீஷ் நோட்டு'. அவருடைய சீடர் மதுரை மணி ஐயர் சுரமாகவே பாடிக் கச்சேரிதோறும் கைதட்டல் வாங்கினார். கல்லிடைக்குறிச்சிப் பெரியவர் மனத்தில் இருந்ததும் இதுவாகவே இருக்கும்.

இனி நோட்டுக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுவோம். ஆங்கிலச் சொல்லுக்கு நேராகச் 'சுரம்' என்று வைத்தால், நோட்டுஸ்வரம் என்பது 'நடுசென்டர்' மாதிரி ஒரே பொருளை இரண்டு முறை சொல்வதாகிவிடும். 'இசைக்குறிப்பு' தாளில் எழுதிய குறிக்குத்தான் பொருந்தும். "ஒரு நோட்டு வாசியுங்கள்" என்கிறவர் குறியையும் கேட்கவில்லை, தனிச் சுரத்தையும் கேட்கவில்லை. ஒரு முழு மெட்டைக் கேட்கிறார். பேண்டுக்காரர்கள் எழுதிய தாளைப் பார்த்து வாசித்ததால் தாளின் பெயர் மெட்டுக்கு ஏறியிருக்கலாம் என்பது என் ஊகம்.

மெட்டு நமக்குப் பழகிய சொல். பழைய பாட்டுப் புத்தகங்களில் பாட்டின் தலையில் 'இன்ன பாட்டின் வர்ணமெட்டு' என்று அச்சிட்டிருக்கும். சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியாருக்குப் பிறகு 'காவடிச்சிந்து மெட்டு' என்றால் சங்கரன்கோவில் பக்கத்தில் விளக்கம் வேண்டியதில்லை. பாளையங்கோட்டைக் கிறிஸ்தவர்களும் பாமாலையை மேலைநாட்டு மெட்டிலும் கீர்த்தனையை நம் ராகத்திலும் பிரித்தே பாடுகிறார்கள்.

ஆகவே நோட்டு என்பதற்கு 'மேலைமெட்டு' என்றும், தீட்சிதர் செய்த வகைக்கு 'மேலைமெட்டுப் பாடல்' என்றும் எழுதலாம். பந்தலில் போய் நாகஸ்வரக்காரரிடம் "ஒரு மேலைமெட்டு" என்று கேட்டுவிடாதீர்கள். அண்ணாச்சி தவில்காரரைத் திரும்பிப் பார்ப்பார்.