கேஜ் போட்ட காரில் ஆபீஸ் போகாதீர்கள்

போன வாரம் என் பட்டறைக்கு இன்னொரு கார் வந்தது. பழைய ஸ்விஃப்ட். உள்ளே ரோல் கேஜ் (கார் உருண்டால் கூரை நசுங்காமல் தாங்கும் இரும்புக் குழாய்க் கூண்டு), சிவப்பில் நாலு பாயின்ட் பெல்ட், ஏர்பேக்கைக் கழற்றிய இடத்தில் தட்டு மாதிரி ஒரு ஸ்டியரிங். ஓட்டி வந்த தம்பிக்குக் காதுக்கு மேலே தையல். மலையில் ஓட்டியபோது ஒன்றும் ஆகவில்லை. ஊருக்குள், சிக்னலில், குறுக்கே வந்த ஆட்டோ வலப்பக்கக் கதவில் இடித்திருக்கிறது. பெரிய இடி ஒன்றும் இல்லை, கதவில் நசுங்கல் மட்டும்தான். ஆனால் தலை பக்கவாட்டில் ஆடி, கதவுக்கு மேலே ஓடும் இரும்புக் குழாயில் மோதியிருக்கிறது. "கேஜ் இருந்ததால தப்பிச்சேங்கண்ணா" என்கிறார். தம்பி, அந்தத் தையலே கேஜ் போட்டதுதான்.

ரேலிக்கும் மலையேற்றப் பந்தயத்துக்கும் கார் தயார் செய்வது என் தொழில். போட்டிக்கு முந்தைய நாள் கார்களைப் பரிசோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் நின்று மற்றவர்கள் தயார் செய்த கார்களையும் பார்ப்பேன். பந்தய வீரர்கள் கரிவரதனும் நரேன் கார்த்திகேயனும் வந்த ஊர் கோயம்புத்தூர். இங்கே பையன்களுக்கு இந்தப் பித்து பிடிப்பதில் ஆச்சரியம் இல்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை. பித்தோடு வரும் அந்த ஒரு நம்பிக்கையைத்தான் தாங்க முடியவில்லை: கேஜ் போட்டால் கார் பத்திரம்.

பொறுமையாகச் சொல்கிறேன், ஒரு தடவை முழுசாகக் கேளுங்கள். கம்பெனியில் இருந்து வரும் காரில் தலைக்குப் பக்கத்தில் கடினமான பொருள் எதுவும் இருக்காது. கூரைத் துணி, அதற்குப் பின்னால் இடைவெளி, தூண்களின் மேல் நசுங்கிக் கொடுக்கும் பிளாஸ்டிக், விலை கூடிய மாடல்களில் திரை மாதிரி இறங்கும் ஏர்பேக். உங்கள் தலை ஆடும் என்று தெரிந்தே அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள். பெல்ட் போட்டாலும் தலை ஆடும். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக ஆடும். அந்தக் காலி இடத்தில்தான் நீங்கள் இரும்புக் குழாயைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள். ஹெல்மெட் போட்டு, உடம்பைப் பக்கவாட்டிலும் பிடிக்கும் பக்கெட் சீட்டில் இறுக்கிக் கட்டிய ஆளுக்கு அந்தக் குழாய் காவல். வெறுந்தலையோடு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவருக்கு அது காதோரம் ஓங்கி வைத்த சுத்தியல்.

"ஃபோம் சுத்தியிருக்கேங்கண்ணா" என்று அடுத்த பதில் வரும். ஏ.சி. பைப்புக்குச் சுற்றுவார்களே, அந்தக் கறுப்பு ஃபோம். விரலால் அழுத்தினால் குழாய் தட்டுப்படும். ரோல் கேஜுக்கென்றே உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் தரத்தில் கெட்டியான பேடிங் இருக்கிறது. அதுவும்கூட ஹெல்மெட் மோதுவதற்காகச் செய்தது. வெறும் மண்டைக்காகச் செய்ததில்லை.

அதோடு அந்தக் கேஜ் கேஜாகவாவது இருக்கிறதா? எஃப்.ஐ.ஏ. விதியில் மெயின் ஹூப்புக்கு, அதாவது ஓட்டுபவருக்குப் பின்னால் நிற்கும் பெரிய வளைவுக்கு, குறைந்தது 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. கனமும் வேண்டும், இல்லையென்றால் 50-க்கு 2. மூட்டு இல்லாத சீம்லெஸ் குழாய். ஒவ்வொரு காலுக்கும் அடியில் 3 மி.மீ. கனத்தில், 120 சதுர செ.மீ.க்குக் குறையாத தகடு, பாடியோடு வெல்டிங் செய்தது. அந்த ஸ்விஃப்டில் இருந்தது தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஜி.ஐ. பைப். துத்தநாகப் பூச்சைக்கூடச் சுரண்டாமல் அப்படியே வெல்டிங் அடித்திருக்கிறார்கள். கால்களோ நேராகத் தரைத் தகரத்தில், ஆளுக்கு இரண்டு போல்ட். கார் உருண்டால் அந்தக் கால்கள் தகரத்தைக் கிழித்துக்கொண்டு கீழே இறங்கும், கூரை உங்கள் மேல் வரும். கேட் கிரில் செய்கிற பட்டறையில் பாதி விலைக்குச் செய்து தருவார்கள்தான். பட்டறைக்காரரைக் குறை சொல்லவில்லை, அவர் கேட் நன்றாகத்தான் செய்கிறார்.

நாலு பாயின்ட் பெல்ட்டும் இதே கதைதான். கம்பெனி சீட்டில் அதைக் கட்டி, தோள் பட்டைகளைப் பின் சீட்டு பெல்ட் மாட்டும் இடத்தில் கீழே போல்ட் அடித்துவிடுகிறார்கள். மோதும்போது அந்தப் பட்டைகள் தோளைக் கீழ்நோக்கி அமுக்கும், முதுகெலும்பு தாங்காது. தோளில் இருந்து பின்னால் கிட்டத்தட்ட நேராகப் போக வேண்டும், பத்து டிகிரி இறக்கம் போதும். கால்களுக்கு நடுவே வரும் பட்டையும் இல்லையென்றால் இடுப்பு பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். உடம்பை இப்படி இறுக்கிக் கட்டிவிட்டுத் தலையை மட்டும் சும்மா விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2001 டேடோனா 500 பந்தயம் சாட்சி. கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதினார். மண்டை ஓட்டின் அடிப்பகுதி முறிந்து இறந்தார். கழுத்தைக் காக்கும் ஹான்ஸ் கருவி அவர் போட்டிருக்கவில்லை. அத்தனை அனுபவசாலிக்கே அந்தக் கதி.

ஆகவே கேஜ், பக்கெட் சீட், ஆறு பாயின்ட் பெல்ட், ஹெல்மெட், ஹான்ஸ் எல்லாம் சேர்ந்துதான் ஒரு பொருள். ஐந்தும் வாங்கப் பணம் சேரும்வரை ஒன்றும் வாங்காதீர்கள். கம்பெனி சீட், கம்பெனி பெல்ட், ஏர்பேக் இருக்கட்டும். அந்தக் காரை வைத்து, பந்தய ட்ராக்கில் சொந்தக் காரை ஓட்டவிடும் ட்ராக் டேயில் போய்ப் பழகலாம், தாராளமாக. ஐந்தும் சேர்ந்துவிட்டால் அந்தக் கார் டிரெய்லரில் போகட்டும், ஆபீசுக்கு வேறு வண்டி. பைக் ஹெல்மெட் ஆகாது. கார் பந்தய ஹெல்மெட்டில் உள்துணி தீப்பிடிக்காததாக இருக்க வேண்டும், கேஜில் திரும்பத் திரும்ப மோதினாலும் தாங்க வேண்டும். பைக் ஹெல்மெட்டை அப்படிச் சோதிப்பதில்லை. சீட்டில் தேதி பாருங்கள். எஃப்.ஐ.ஏ. 8855-1999 தரச் சீட்டுக்கு ஆயுள் ஐந்து வருஷம். ஆன்லைனில் பாதி விலைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் அந்தத் தேதி தாண்டியதுதான்.

இவ்வளவும் செலவழித்த கையால் பிரேக் ஆயிலுக்கு ஐநூறு ரூபாய் எடுக்க மனசு வராது. "மேலே ஏறுற போட்டிக்கு பிரேக் எதுக்குங்க?" என்று கேட்டவரும் உண்டு. ஏறும்போது பிரேக் சமாளித்துவிடும், சரி. ஏறி முடித்தவர்கள் எல்லோரும் வரிசையாக இறங்கி வர வேண்டுமே? ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் அழுத்தி அழுத்திச் சுட்ட பிரேக், முழு மலையும் இறக்கம், முன்னால் ஊர்ந்து போகும் வண்டி. பெடல் தரைவரை போவது அப்போதுதான். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், ஈரம் குடித்த பிறகு 140. டாட் 4 என்றால் 230, 155. இரண்டு வருஷமாக மாற்றாத ஆயில் எந்தக் கணக்கில் வரும் என்று நீங்களே பாருங்கள். போட்டிக்கு முன்னால் முழுசாக மாற்றி நாலு சக்கரத்தின் பிரேக்கிலும் குழாய்க்குள் இருக்கும் காற்றை எடுங்கள். 4-ஐவிட 5 பெரிய எண் என்று டாட் 5 வாங்கி ஊற்றாதீர்கள். அது சிலிக்கான், மற்றதோடு கலக்கவே கூடாது. வேண்டுமானால் 5.1 வாங்குங்கள். ரேஸ் பிரேக் பேடும் வேண்டாம், சூடேறும்வரை அது பிடிக்காது. முதல் வளைவுக்குள் எங்கே சூடேறும்?

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் தெரிந்தும் செய்யாத விஷயங்கள். பேட்டரி ஆடக் கூடாது. தீயணைப்பான் டிக்கியில் உருளக் கூடாது, கை எட்டும் இடத்தில் உலோகப் பட்டையில் இருக்க வேண்டும். ஸ்பிரிங்கை வெட்டி உயரத்தைக் குறைக்காதீர்கள், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் தான் உட்காரும் தட்டைவிட்டு நகரும். அலாய் வீலுக்கு அலாய் வீலின் நட். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு அது தயாரான வாரம், அடுத்த இரண்டு வருஷம். படித்துப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டிலை எடுங்கள், அது பிரேக் பெடலுக்குக் கீழே போனால் புது ஆயிலும் உதவாது.

இனிச் சொல்வது திட்டல்ல, கெஞ்சல். கொல்லிமலையின் 70 வளைவும், ஆழியாறில் இருந்து வால்பாறை ஏறும் 40 வளைவும் பழகும் இடமில்லை. விடியற்காலையில் ரோடு காலி என்கிறீர்கள். அந்த நேரத்தில்தான் முதல் பஸ் இறங்குகிறது, எஸ்டேட்டுக்கு ஆட்களை ஏற்றிய ஜீப் ஏறுகிறது, வளைவுக்கு நடுவே காட்டுமாடு நிற்கிறது. அவர்களுக்கெல்லாம் கேஜும் இல்லை, ஹெல்மெட்டும் இல்லை. அரசு அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் வேகப்போட்டி வைத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவில் முதல் தடவைக்கே மூன்று மாதம்வரை சிறையோ, ஐந்தாயிரம்வரை அபராதமோ, இரண்டுமோ வரும். இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தால் பந்தயமும் வேகச் சோதனையும் கணக்கில் வராது என்று எழுதியிருக்கும். யாரும் படிப்பதில்லை. செட்டிபாளையத்தில் கரி ட்ராக் இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் சென்னை ட்ராக் இருக்கிறது. இந்திய மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ் எடுத்து, ஆம்புலன்ஸ் நிற்கும் போட்டியில், ரோட்டை மூடியபிறகு ஏறுங்கள்.

கேஜ் போடப் போகிறீர்கள் என்றால் குழாய் வாங்குவதற்கு முன்னால் காரைக் காட்டுங்கள். என்னிடம் வர வேண்டும் என்றில்லை, ஸ்க்ரூட்டினி தெரிந்த எந்த ஆளிடமும் போகலாம். வெல்டிங் முடிந்து பெயின்டும் அடித்துவிட்டுப் போட்டிக்கு முந்தைய நாள் ராத்திரி கொண்டுவந்தால் நான் சொல்லக்கூடிய பதில் "போட்டியில் இறக்க முடியாது" என்பது ஒன்றுதான். அதற்குக் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்து அப்பாவைப் போன் பண்ணச் சொல்லாதீர்கள்.