இரும்பாணியும் வேண்டாம், பசையும் வேண்டாம்

"மர வீடு கட்டினால் கார்பன் குறையும் என்கிறீர்கள். பலகைகளை ஒட்டுவது பெட்ரோலியத்திலிருந்து வரும் பசைதானே?" என்று மடக்கியிருந்தார் ஒரு வாசகர். நியாயமான கேள்வி.

கார்பன் கணக்கு தெரிந்ததுதான். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி, காற்றிலிருந்து அது இழுத்துக்கொண்ட கார்பன். உளுத்தோ எரிந்தோ போகாதவரை அது சுவரிலேயே கிடக்கும். சிமென்டில் கதை தலைகீழ்: சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது அடுப்புப் புகையோடு கல்லுக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடும் கிளம்பிவிடும். மரம் பக்கத்துக் காட்டிலிருந்தே வந்தால் லாரி டீசலும் மிச்சம். வெட்டிய இடத்தில் மறுபடி மரம் வளர வேண்டும், அது தனி விஷயம்.

சரி, பசைக்கு வருவோம். 1970-களில் ஜெர்மன் பொறியாளர் ஜூலியஸ் நாட்டரர், பலகைகளை அலமாரிப் புத்தகங்கள் மாதிரி நிறுத்தி, இரும்பு ஆணியால் இணைத்துத் தளம் அமைத்தார். அப்புறம் இரும்பின் இடத்துக்கு மர ஆணி வந்தது. அங்கேதான் வேடிக்கை.

பலகை, பைன் போன்ற ஊசியிலை மரம். ஈரம் 12 முதல் 15 சதவீதம். ஆணி பீச் (beech) போன்ற வன்மரம். 6 முதல் 8 சதவீதம்வரை உலர்த்தியது. துளைக்குள் போனதும் இந்தத் தாகம் பிடித்த ஆணி, பலகையிலிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பருக்கிறது. பிறகு அதை உருவ முடியாது.

ஏன் பருக்கிறது, ஏன் நீளவில்லை? மரச் செல்லின் சுவரில் செல்லுலோஸ் நுண்ணிழைகள் பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுகின்றன. நீர் மூலக்கூறுகள் இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகின்றன. விறகுக் கட்டுக்குள் இன்னும் நாலு குச்சி செருகினால் கட்டு தடிக்குமே தவிர நீளாது. மழைக்காலத்தில் கதவு பக்கவாட்டில் இறுகுவதும் இதனால்தான். தச்சருக்குத் தலைவலியான அதே குணம் இங்கே பசையின் வேலையைச் செய்கிறது!

நிலவு பார்த்து வெட்டிய மரம் சுருங்காது என்று பல நாடுகளில் நம்புகிறார்கள். நான் ஈரத்தை அளக்கும் கருவியைத்தான் நம்புவேன்.

குறை இல்லாமல் இல்லை. பின்னால் பலகைகள் காய்ந்தால் நடுவே இடைவெளி விழும். அதற்காகச் சிலர் ஆணிகளைச் சாய்வாக அடிக்கிறார்கள். ஒரே தளம் இரு திசையிலும் பளு தாங்க வேண்டிய இடங்களில், பலகைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியதைத்தான் இன்னும் அதிகம் பயன்படுத்துகிறார்கள். அங்கே வாசகரின் பசை இருக்கத்தான் செய்கிறது.