சொகுசுச் செடான்: ஆடம்பரம் என்னும் பிழை மொழிபெயர்ப்பு

லிங்கன் டவுன் கார், காடிலாக் ஃப்ளீட்வுட், ப்யூக் ரோட்மாஸ்டர் ஆகிய அமெரிக்கப் பெருங்கார்களைப் பற்றித் தமிழில் எழுதுவோரும் பேசுவோரும் அவற்றுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லக்சுரி செடான்' என்ற தொடரை 'ஆடம்பரச் செடான்' என்று ஆக்குவதைத் தொடர்ந்து கண்டு வருகிறேன். அண்மையில் ஒரு மொழிபெயர்ப்புக் காணொலியில் 'மென்மையான சவாரியைத் தரும் ஆடம்பரச் செடான்' என்ற தொடரைக் கேட்டேன். அதில், நான்கு கதவும் தனிப் பின்பெட்டியும் கொண்ட காரைக் குறிக்கும் செடான் என்னும் ஆங்கிலச் சொல் ஒன்றே சரியாக இருந்தது. தமிழாக்கம் என்று சேர்த்தவை பொருளைக் கெடுத்திருந்தன. உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆன பின்னும் இக்கார்களைத் தேடி வாங்குவோர் அமெரிக்காவில் இருக்கிறார்கள் என்றால், அதற்கான காரணம் அவற்றைக் குறிக்கும் சொல்லில் தெரிய வேண்டாமா?

முதலில் செடான். 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒருவர் அமர்ந்து செல்ல, இருவர் தண்டுகளால் தூக்கிச் சென்ற மூடிய நாற்காலிக்கு அப்பெயர் இருந்தது. 1634இல் சர் சாண்டர்ஸ் டன்கோம் என்பவர் லண்டனில் அவற்றை வாடகைக்கு விடும் தனியுரிமையைப் பெற்றார். செடான் என்ற பெயர் உட்கார்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது என்பாரும், பிரான்சிலுள்ள செடான் என்னும் ஊரின் பெயர் என்பாரும் உண்டு, வழக்கு தீரவில்லை. 1910களின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் அதை மூடிய காருக்குச் சூட்டினார்கள். இதே வடிவத்தைப் பிரிட்டனில் சலூன் என்றும், பிரான்சில் பெர்லின் என்றும், ஜெர்மனியில் லிமூசின் என்றும் சொல்கிறார்கள். ஜெர்மன் லிமூசினை நம் மொழிபெயர்ப்பாளர்கள் நீளமான திருமண வண்டியாக்கிவிடுவது தனிக்கதை.

தூக்கிச் செல்லும் மூடிய இருக்கைக்குத் தமிழில் பெயர் இல்லாமல் இல்லை. பல்லக்கு இருக்கிறது, அதைவிடப் பழைய வழக்காகச் சிவிகை திருக்குறளிலேயே வருகிறது. இதைக் கொண்டு செடானைச் 'சிவிகையுந்து' என்று சொல்லலாமா என்றால், பொருள் வரலாற்றுக்கு அது மிகவும் பொருந்தும், ஆனால் வாசகர் மனத்தில் நான்கு கதவும் தனிப் பின்பெட்டியும் கொண்ட கார் வடிவம் தோன்றாது. மகிழுந்து என்பது எல்லாக் கார்களுக்குமான பொதுச் சொல். நம் ஊர்களில் காரைப் 'பிளஷர்' என்று சொன்ன காலமும் உண்டு. உடல் வடிவத்தைக் குறிக்க அதனாலும் பயனில்லை. ஆகவே செடான் செடானாகவே இருக்கட்டும். எனக்குள்ள வழக்கு அதன் முன்னால் ஒட்டப்படும் அடைமொழியோடுதான்.

ஆடம்பரம் வடசொல். வடமொழியில் அது ஒருவகை முரசையும், அதன் பேரொலியையும் குறித்து, பிறகு ஆரவாரம், பகட்டு என்று விரிந்தது. தமிழில் அந்தப் பகட்டுப் பொருளே நிலைத்தது: ஆடம்பரத் திருமணம், ஆடம்பரச் செலவு, ஆடம்பரமில்லாத எளிய வாழ்க்கை. மூன்றிலும் பிறர் பார்வைக்கான காட்சியும் தேவைக்கு மிஞ்சிய செலவுமே பேசப்படுகின்றன. உடல் பெறும் சுகத்துக்கு அங்கே இடமில்லை. முரசொலியில் பிறந்த இந்தச் சொல்லை, உள்ளே ஓசை வராமல் தடுப்பதையே தன் முதல் பெருமையாகக் கொண்ட காருக்குச் சூட்டுகிறோம்.

ஓசையின்மை பற்றி நான் மிகைப்படுத்தவில்லை. 1965இல் ஃபோர்டு நிறுவனம் தன் காரின் உட்புறம் ரோல்ஸ் ராய்ஸைவிட அமைதியானது என்று விளம்பரம் செய்தது. விரைவையோ அழகையோ முன்னிறுத்தாமல் அமைதியை முன்னிறுத்திக் காரை விற்ற நாடு அது. 1970களில் மெர்க்குரி மார்க்விஸ் காருக்கான தொலைக்காட்சி விளம்பரம், ஓடும் காரின் உள்ளே ஒருவர் வைரத்தைப் பிளப்பதைக் காட்டியது. கை நடுங்கினால் கெட்டுவிடும் வேலையைச் செய்யும் அளவுக்கு வண்டி அதிராது என்பதே அதன் செய்தி. 1972இல் ஓல்ட்ஸ்மொபில் தன் 75ஆம் ஆண்டு நிறைவுக்காக வெளியிட்ட நைன்டி எய்ட் ரீஜென்சியில் இருக்கைகள் தளர்வான தலையணை வடிவில், வெல்வெட் போன்ற துணியில் அமைக்கப்பட்டிருந்தன. அந்தத் துணியின் மென்மை காரில் அமர்ந்தவருக்கு மட்டுமே தெரியும். தெருவில் நிற்பவருக்குத் தெரியாது.

இவையெல்லாம் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் அடைமொழி இன்னும் தெளிவாகும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் விரிவடைந்த அமெரிக்க மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் வளைவுகள் குறைவு, தொலைவுகள் மிகுதி. கான்கிரீட் பலகைகளின் இணைப்பு ஒவ்வொன்றிலும் சக்கரம் இடிக்கும். வடமாநிலங்களில் பனிக்காலம் சாலையைப் பிளந்து போடும். அச்சாலைகளில் ஒரே நாளில் பல நூறு மைல் செல்பவருக்காக இக்கார்கள் அமைந்தன. தனி இரும்புச் சட்டகத்தின் மேல் ரப்பர்த் தாங்கிகளை வைத்து அவற்றின் மேல் காரின் கூட்டை அமர்த்துவார்கள். அதிர்வின் ஒரு பகுதி அங்கேயே அடங்கும். சுருள்வில்கள் தளர்வானவை, டயரின் பக்கச்சுவர் உயரமானது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடைவெளி மிகுதி. 1970களின் லிங்கன் கான்டினென்டல் 19 அடிக்கும் கூடுதலான நீளமுடையது. எட்டு உருளைகள் கொண்ட பெரிய வி-8 எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே போதிய இழுவிசை தருவதால் அது இரைய வேண்டிய தேவை இல்லை. வளைவில் இக்கார்கள் சாயும், நிறுத்தும்போது மூக்கை அமிழ்த்தும்; வில்லின் தளர்ச்சிக்குக் கொடுக்கும் விலை அது. அறிந்தே அந்த விலையைக் கொடுத்தார்கள்.

இதற்கான தமிழ்ச் சொல் சொகுசு. தெலுங்கிலும் கன்னடத்திலும் சொகசு என்றால் அழகு, நேர்த்தி. தமிழுக்கு வந்தபின் அது உடலோடு சேர்ந்துகொண்டது. 'சொகுசாக வளர்ந்த பிள்ளை' என்றால் வெயில் படாமல், நோகாமல் வளர்ந்த பிள்ளை. பகட்டாக வளர்ந்த பிள்ளை என்று யாரும் பொருள் கொள்வதில்லை. 'சொகுசுப் பேருந்து' என்று அறிவிப்புப் பலகையில் கண்டால் சாயும் இருக்கையையும் அலுப்பில்லாத இரவுப் பயணத்தையுமே எதிர்பார்க்கிறோம். அதே பலகையில் ஆடம்பரப் பேருந்து என்று எழுதியிருந்தால் நாம் திகைப்போம். பேருந்தில் தானே தெளியும் வேறுபாடு காருக்கு வந்தால் ஏன் மங்குகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

எதிர்வாதம் ஒன்றை ஒதுக்க முடியாது. இக்கார்களில் பகட்டும் இருந்தது. 1959ஆம் ஆண்டுக் காடிலாக்கின் வால்துடுப்புகள், பிறகு வந்த வினைல் கூரைகள், பின்பக்கத்து நீள்வட்டச் சிறு சன்னல்கள், மூக்கில் நின்ற சின்னம் ஆகியவற்றை ஆடம்பரம் என்றே சொல்ல வேண்டும். லக்சுரி என்ற சொல்லின் லத்தீன் மூலத்துக்கும் மிகை என்னும் பொருள் உண்டு. ஆனால் நிலைத்த ஈர்ப்பு எதில் இருக்கிறது என்பதே கேள்வி. 1981 முதல் 2011 வரை தனி மாடலாக விற்ற டவுன் காரை வாடகைக் கார் நிறுவனங்கள் விரும்பி வாங்கியது, பின்னிருக்கையில் கால் நீட்டி அமரும் இடத்துக்காகவும், தளராத உழைப்புக்காகவும், பயணிக்கு அலுப்புத் தராத ஓட்டத்துக்காகவும். 1990களின் ரோட்மாஸ்டரைப் பழைய காராக வாங்குகிறவர் யாருக்கும் பகட்டுக் காட்ட வாங்குவதில்லை. பெரிய சொகுசு கொஞ்சப் பணத்தில் கிடைக்கிறது என்பதற்காக வாங்குகிறார். செலவும் காட்சியும் விலகிய பின்னும் எஞ்சி நிற்பதற்கு ஆடம்பரம் என்று பெயர் வைப்பது எப்படி?

சொகுசும் ஒரு கடன்சொல்தானே என்று தூய தமிழ் அன்பர்கள் கேட்கலாம். உண்மைதான்; ஆனால் ஆடம்பரமும் கடன்தான். இரண்டும் வெளியிலிருந்து வந்தவை என்னும்போது, பொருளைச் சரியாகச் சொல்வதையே எடுக்க வேண்டும். தூய்மையை நான் மதிக்கிறேன். தெளிவைக் கொடுத்து அதை வாங்க மாட்டேன்.

அடுத்தது 'மென்மையான சவாரி'. சவாரி என்றால் தமிழ்நாட்டில் குதிரையேற்றம், இல்லையேல் ஆட்டோ ஓட்டுநருக்குக் கிடைக்கும் வாடகைப் பயணம். கார் சாலையில் செல்லும் தன்மையைச் சவாரி என்று யாரும் சொல்வதில்லை. மேடுபள்ளத்தில் வண்டி 'தூக்கிப் போடுகிறது' என்கிறோம்; நல்ல வண்டி 'அலுங்காமல் குலுங்காமல்' போகிறது என்கிறோம். இதைவிடத் துல்லியமான தொடரை எந்தப் பொறியாளரும் ஆக்கித் தர முடியாது. பெயர்ச்சொல்தான் வேண்டுமென்றால் 'அதிராத ஓட்டம்' என்று எழுதலாம். இக்கார்களுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'லேண்ட் யாட்' என்ற செல்லப்பெயரை 'நிலப்படகு' என்று ஆக்குவதிலும் இதே கண்மூடித்தனம் இருக்கிறது. யாட் என்பது உல்லாசக் கப்பல். படகு என்றவுடன் நமக்குத் துடுப்பும் மீனவரும் நினைவுக்கு வருகின்றனர். 'தரைக்கப்பல்' என்றால் அளவும் மிதப்பும் இரண்டும் கிடைக்கும்.

சொகுசு என்ற நல்ல சொல்லைச் செய்தித்தாள்களும் வீணாக்குகின்றன. விலை மிகுந்த கார் எதுவாயினும் அவற்றுக்குச் 'சொகுசு கார்'தான். லம்போர்கினி விரைவுக்காக இறுக்கமான வில்களின் மேல் தாழ்வாக அமைந்த கார். சாலையின் ஒவ்வொரு கல்லையும் முதுகுக்குச் சொல்லும். அதைச் சொகுசு கார் என்றும், மெத்தென்று மிதக்கும் லிங்கனை ஆடம்பரக் கார் என்றும் ஒரே பக்கத்தில் எழுதும்போது சொற்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. விலையைச் சொல்ல 'விலையுயர்ந்த கார்' என்ற எளிய தொடர் இருக்கிறது. வலிமிகுதலையும் கைவிட்டு 'சொகுசு கார்' என்று எழுதுவதை வேறொரு நாள் பேசலாம்.

ஆடம்பரத்துக்கு உரிய இடத்தை நான் மறுக்கவில்லை. அமெரிக்க அரசு 1991 முதல், 30,000 டாலருக்கு மேற்பட்ட கார்களின் விலையில் அந்த வரம்பைத் தாண்டிய தொகைக்கு 10 விழுக்காடு வரி விதித்தது. பிறகு அதைப் படிப்படியாகக் குறைத்து நீக்கியது. செலவின் மிகுதியை நோக்கிய அந்த வரியை 'ஆடம்பர வரி' என்பதே சரி. அதைப் பற்றி எழுதுகிறவர் 'விலை வரம்பைத் தாண்டிய சொகுசுச் செடான்களும் ஆடம்பர வரிக்கு உட்பட்டன' என்று எழுதட்டும்.