பால் கேனின் மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

வைகாசி முகூர்த்த நாளில் கோவை அவினாசி சாலையின் பெரிய ஓட்டல்களுக்கு அதிகாலை 3 மணிக்கே விடிந்துவிடும். முன்வாசலில் அந்த நேரத்தில் ஈ, காக்கை இருக்காது. மெட்டல் டிடெக்டர் சட்டகம் பச்சை விளக்கோடு தன்னந்தனியாக நிற்கும். பின்வாசலுக்குப் போனால் திருவிழாதான். பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகையும் சம்பங்கியும் ஏற்றிய குட்டி யானை வண்டி, அதன் வாலைப் பிடித்தபடி பொள்ளாச்சித் தேங்காய் மூட்டை, வாழை இலைக் கட்டு, ஐஸ் பெட்டி, வாடகைப் பாத்திரம், மேடை அலங்காரச் சாமான். கூடவே பெண்வீட்டார் ஊரிலிருந்து கேன் கேனாகக் கறந்த பால். பாக்கெட் பாலில் காப்பி போட்டால் எங்கள் சனம் வாயில் வைக்காதுங்க என்று மண்டபம் பேசும்போதே சொல்லிவிடுவார்கள். எல்லோருக்கும் அவசரம். எல்லோரும் ஹாரன் அடிப்பார்கள்.

நட்சத்திர ஓட்டல் பாதுகாப்புதான் என் பிழைப்பு. வாசலில் பையைத் திறக்கச் சொல்கிறீர்களே, உண்மையிலேயே குண்டு வரும் என்று நினைக்கிறீர்களா என்று விருந்தினர்கள் கேட்பார்கள். வந்தால் அந்த வழியாக வரும் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தூக்கம் போவது பின்வாசலை நினைத்துத்தான்.

இது என் கற்பனை அல்ல. 1946 ஜூலை 22 அன்று ஜெருசலேமின் கிங் டேவிட் ஓட்டலுக்குள் வெடிமருந்து போனது பால் கேன்களில். அந்த ஓட்டலின் தெற்குப் பகுதியில் அப்போது பிரிட்டிஷ் நிர்வாக அலுவலகம் இயங்கிவந்தது. இர்குன் என்ற யூத ஆயுதக் குழுவினர் வேலையாட்களைப் போல் உடுத்திக்கொண்டு, அடித்தளத்து உணவகத்தின் தூண்களை ஒட்டிக் கேன்களை வைத்துவிட்டுப் போனார்கள். கட்டடத்தின் ஒரு பக்கமே சரிந்து 91 பேர் மடிந்தார்கள். பால் கேனை யார் திறந்து பார்ப்பார்கள்?

63 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 17 அன்று, ஜகார்த்தாவில் ஜே.டபிள்யூ.மாரியட், ரிட்ஸ் கார்ல்டன் என்ற இரண்டு ஓட்டல்களில் சில நிமிட இடைவெளியில் குண்டுகள் வெடித்தன. தாக்கியவர்கள் இருவரோடு சேர்த்து 9 பேர் இறந்தார்கள். 2003-இல் கார் குண்டால் அடிபட்டிருந்த மாரியட்டின் வாசலில் பாதுகாப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் அங்கே பூ அலங்காரம் செய்துவந்த ஒருவர்தான் வெடிபொருள் உள்ளே வர வழிசெய்தார் என்று விசாரணையில் தெரிந்தது. தாக்கியவர் 2 நாள் முன்பே 1808-ஆம் எண் அறையில் விருந்தினராகத் தங்கியிருந்தார். கண்காணிப்புக் கேமரா பதிவில் தொப்பி போட்ட ஒருவர் மார்பில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, சக்கரப் பெட்டியை இழுத்தபடி லாபியைக் கடக்கிறார். அறையிலிருந்து இறங்கி வருகிற விருந்தினரை எந்த மெட்டல் டிடெக்டர் சோதிக்கும்?

முதல்முறை இதைப் படித்தபோது என் கண் முன் நின்றது எங்கள் பூக்காரர்தான். பத்து வருடப் பழக்கம். பெயர் சொல்லி, சிரித்து, கையசைத்து உள்ளே விடுவோம். அந்தக் கையசைப்பை அன்றே நிறுத்தினேன். அவர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். முந்தின நாள் மாலைக்குள் வண்டி எண், ஓட்டுநர் பெயர், சரக்கு விவரம் மூன்றும் வந்துவிட வேண்டும். எண் மாறினால் வண்டி வெளியே நிற்கும். ஏற்பாடு செய்தவரை நாங்களே அழைத்துக் கேட்ட பிறகுதான் தடுப்புக் கம்பி எழும்பும். பால் கேனுக்கு ஒரு நீண்ட எவர்சில்வர் கம்பி வைத்திருக்கிறோம், வெந்நீரில் கழுவி. கேனின் வெளி உயரத்தையும் உள் ஆழத்தையும் அளந்து பார்த்தால் போலி அடித்தளம் இருந்தால் தெரிந்துவிடும். தலைமைச் சமையல்காரர் முதலில் முகம் சுளித்தார். பால்காரர் நேராகவே கேட்டார்: “ஏனுங்க சார், தண்ணீர் கலந்திருக்கிறேனா என்று பார்க்கிறீர்களா?” அதைத்தான் அவமானமாக நினைத்தார் மனிதர்.

மேடை அலங்காரக்காரர்கள்தான் தலைவலி. மணமக்கள் நடந்து வரும்போது இரண்டு பக்கமும் பொறி கக்கும் இயந்திரம் இப்போது கட்டாயமாகிவிட்டது. அதற்குள் போடும் உலோகப் பொடி, பேட்டரி, டைமர், ரிமோட், சுருள் சுருளாக வயர் எல்லாம் ஒரே அட்டைப் பெட்டியில் வரும். எக்ஸ்ரே திரையில் அதைப் பார்க்கும் புதுப் பையனுக்கு வயிறு கலங்கும். கலங்கட்டும், அது நல்லது. ஒவ்வொரு திருமணத்திலும் இதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் கலங்காமல் போய்விடுவானே என்பதுதான் என் பயம்.

ஒருமுறை முகூர்த்தத்துக்கு அரை மணி நேரம் இருக்கும்போது பந்தியில் அடுக்கத் தண்ணீர் பாட்டில் ஏற்றிவந்த வண்டியின் எண் பட்டியலில் இல்லை. ஓட்டுநரும் புதியவர், தன்னை அனுப்பியது யார் என்றுகூட அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன். பெண்ணின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். பந்தியில் தண்ணீர் இல்லாமல் எங்கள் மானத்தை வாங்குகிறாயா என்று ஒருமையில் பிடித்தார். சப்ளை செய்பவரை அழைத்துக் கேட்டதில், பழைய வண்டி சூலூரில் பஞ்சராகி, பக்கத்து ஊர்க்காரரின் வண்டியில் சரக்கு மாற்றியிருக்கிறார்கள். 14 நிமிடம் ஆனது. குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. நிர்வாகத்திடம் எனக்குத்தான் திட்டு விழுந்தது. நாளை அதே நிலைமை வந்தாலும் அந்த வண்டியை நிறுத்துவேன்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1998 பிப்ரவரி 14 அன்று இந்த நகரத்தில் 58 உயிர்கள் போயின. ரயில் நிலையம், காந்திபுரம், ஆர்.எஸ்.புரம், அரசு மருத்துவமனை வளாகம் வரை குண்டுகள் வெடித்தன. அந்தக் காயத்தின் தழும்பாக, பெயரைக் கேட்டு, தாடியைப் பார்த்து ஆளை நிறுத்தும் வழக்கம் வாசல்களில் ஒட்டிக்கொண்டது. என் ஆட்களுக்கு அதை நான் தடை செய்திருக்கிறேன். அது அநியாயம் என்பது இருக்கட்டும், தொழிலுக்கும் உதவாது. ஜெருசலேமில் வந்தவர்கள் வேறொரு இனத்து வேலையாட்களின் உடையில் வந்தார்கள். ஜகார்த்தாவில் வழிசெய்தவர் தினமும் வணக்கம் சொன்ன ஆள். முகத்தைப் படிக்கிறேன் என்று இறங்குகிற காவலர் பெட்டியைப் பார்க்க மறந்துவிடுகிறார்.

விருந்தினராக வருகிறவர்களுக்கும் சில சொற்கள். கார் டிக்கியைத் திறக்கச் சொல்வதும் அடியில் கண்ணாடி நீட்டிப் பார்ப்பதும் சடங்கு போலத் தோன்றும். 2022 அக்டோபர் 23 அன்று, தீபாவளிக்கு முந்தைய விடியலில், உக்கடம் கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்பு காருக்குள் சிலிண்டர் வெடித்து, ஓட்டிவந்தவர் இறந்த பிறகு, டிக்கியைத் திறக்க யாரும் முணுமுணுக்கவில்லை. ஆறு மாதம்தான்.

சோதனை ஏன் கட்டடத்திலிருந்து தள்ளி நடக்கிறது என்றும் கேட்பார்கள். 2008 செப்டம்பர் 20 அன்று இஸ்லாமாபாத் மாரியட்டில் வெடிமருந்து லாரி வாசல் தடுப்பைத் தாண்ட முடியாமல் அங்கேயே வெடித்தது. 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காவலர்களும் அதில் உண்டு. தீ பரவி ஓட்டல் கருகியது. அந்த லாரி போர்ட்டிகோவரை வந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். வெடிப்பின் அழுத்தம் தூரம் கூடக்கூட மிக வேகமாகக் குறையும். கேட்டிலிருந்து போர்ட்டிகோவரை நீங்கள் நடக்கச் சலித்துக்கொள்ளும் அந்த 40 அடிக்கு அவ்வளவு மதிப்பு.

எங்காவது சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு ஓடாதீர்கள், கைப்பேசியை எடுத்துக்கொண்டு கண்டிப்பாக ஓடாதீர்கள். அடுத்தது வெடித்தால் முதலில் பறப்பது அந்தக் கண்ணாடிதான். வாசலுக்கு வெளியே கும்பலாக நிற்கவும் கூடாது. 2002 அக்டோபர் 12 அன்று பாலித் தீவில் முதல் குண்டு ஒரு மதுக்கூடத்துக்குள் வெடித்தது. வெளியே ஓடிவந்தவர்களுக்காகத் தெருவில் வேன் குண்டு காத்திருந்தது. 202 பேர். வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டி, திறந்த வெளிக்குப் போய் 112-ஐ அழையுங்கள். ஆளில்லாத பையைக் கண்டால் தொடாமல் எங்களிடம் சொல்லுங்கள்.

பை என்றதும் நினைவுக்கு வருகிறது. லாபி சோபாவில் கிடந்த ஒரு மஞ்சள் பைக்காக ஒருமுறை அந்தத் தளத்தையே காலி செய்தோம். கால் மணி நேரம் கழித்துக் கழிவறையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். உள்ளே தேங்காய், வெற்றிலை, ஐம்பது கல்யாணப் பத்திரிகை. “என் பையைப் பார்த்தா இத்தனை பேர் ஓடினீர்கள்?” என்று கேட்டுவிட்டு, எனக்கும் ஒரு பத்திரிகை வைத்தார். காங்கயத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தேன்.

நாளையும் முகூர்த்தம். பதிவேட்டில் 17 வண்டிகளின் எண்கள் வந்துவிட்டன. தேங்காய் வண்டியின் எண் மட்டும் இன்னும் வரவில்லை. கடைக்காரர் தூங்குவதற்குள் அழைத்துக் கேட்க வேண்டும்.