எக்ஸிம் கடன் ஆர்டர்: அம்பத்தூர் பட்டறைக்குப் பணம் எப்போது வரும்?

போன மாதம் அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பட்டறை முதலாளி ஒருவர் என் ஆபீஸுக்கு வந்தார். கையில் பர்ச்சேஸ் ஆர்டர். வெளிநாட்டுக் கடற்படைக்குப் போகிற படகுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஃபிளாஞ்ச், அதாவது குழாய்களை இணைக்கும் வளையம்.

"ஆடிட்டர் சார், நம்ம கவர்மென்ட் கடன் கொடுத்து வாங்க வைக்கிற படகு இது. பணம் எங்க சார் போயிடப் போகுது?"

ஏழாம் பக்கத்தைத் திருப்பி ஒரு வரியைப் படிக்கச் சொன்னேன். ஆர்டர் கொடுத்த பெரிய கம்பெனி, தன் வாடிக்கையாளரிடமிருந்து பணம் வந்து 30 நாள் கழித்துத்தான் இவருக்குத் தருமாம். ஆயில் கறை படிந்த விரலை அந்த வரி மேலேயே வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

கடன் என்றதும் பணம் அந்த நாட்டுக் கஜானாவுக்குப் போகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வியட்நாமுக்கு இந்தியா கொடுத்த 10 கோடி டாலர் கடனில் எல் அண்ட் டி 12 அதிவேக ரோந்துப் படகுகளைச் செய்தது. 5 இந்தியாவில், 7 வியட்நாமின் ஹோங் ஹா கப்பல் தளத்தில். 2022 ஜூனில் ஒப்படைத்தார்கள். இந்த மாதிரிக் கடனில், ஏற்றுமதி இறக்குமதிக்கான அரசு வங்கியான எக்ஸிம் வங்கி நேராக இந்திய ஏற்றுமதியாளர் கையில் பணத்தைக் கொடுத்துவிடும். திருப்பிக் கட்ட வேண்டியது வாங்கிய நாடு. அது கட்டத் தவறினாலும் ஏற்றுமதியாளரிடம் கேட்க மாட்டார்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பெரிய கம்பெனியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஃபிளாஞ்ச் கடைகிறவருக்கு எக்ஸிம் வங்கி யாரோ, அவர் யாரோ. இது தெரியாமல் ஓவர்டிராஃப்ட் எடுத்து மெட்டீரியல் வாங்கி, வட்டி கட்டியே ஓய்ந்துபோன பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசு பதறும்.

அவருக்கு வேறொரு சட்டம் துணை இருக்கிறது. 2006-ம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் தரும் கெடுவை எந்த ஒப்பந்தமும், சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் நீட்ட முடியாது. சரக்கு போய்ச் சேர்ந்த 15 நாளுக்குள் எழுத்தில் குறை சொல்லாவிட்டால், சரக்கு சேர்ந்த நாளே ஏற்றுக்கொண்ட நாள். கெடு தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப்போல மூன்று மடங்கில் கூட்டுவட்டி. 'எனக்கு வந்தால் உனக்கு' என்பதெல்லாம் இதன் முன் எடுபடாது. ஒன்று முக்கியம்: குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் என்கிற அரசுப் பதிவு சரக்கு அனுப்பும் முன்பே இருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு ஓடிப் போய்ப் பதிந்தால் பழைய பில்லுக்கு உதவும் என்று நம்ப முடியாது.

ஆர்டர் பிடித்துக் கொடுத்ததாகச் சொன்ன ஆள் 3 சதவீதம் கேட்டாராம். இந்தக் கடன்வழி ஏற்றுமதிக்கு ஏஜென்ட் கமிஷன் கிடையாது என்று ரிசர்வ் வங்கி சுற்றறிக்கையே சொல்கிறது. கொடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் ஏற்றுமதியாளர் சொந்தக் காசிலிருந்து கொடுத்துக்கொள்ளலாம். பட்டறைக்காரர் தலையில் அது ஏன் விழ வேண்டும்? கொடுக்காதீர்கள் என்றேன்.

இன்னொன்று: இந்தக் கடன்களில் பொதுவாக 75 சதவீதம் இந்தியச் சரக்காக இருக்க வேண்டும். அதனால் ஃபிளாஞ்சுக்கான ஸ்டீல் ராடு எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். இறக்குமதி என்றால் இறக்குமதி என்றே எழுதிக் கொடுங்கள்.

அன்று சாயங்காலமே ஏழாம் பக்கத்து வரியை மாற்றச் சொல்லி மெயில் போட்டோம். நான்கு நாளில் திருத்திய ஆர்டர் வந்தது: சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து 45 நாள். அதன் பிறகுதான் அவர் ராடுக்கு அட்வான்ஸ் கட்டினார்.