தோற்ற பிள்ளையின் முதல் வார்த்தை

உப்புவெளியில், நிலாவெளிக்குப் போகும் வீதியோரமாக உள்ள ஒரு விளையாட்டு நிலையத்தில் நான் வடிவமைத்த, டோக்கன் போட்டு விளையாடும் ஆர்கேட் இயந்திரம் ஒன்று நிற்கிறது. கரைவலைத் தோணியைப் பாறைகளுக்கு நடுவே செலுத்தி, வலை கிழியாமல் கரை சேர்க்கும் விளையாட்டு. அதைக் கொண்டுபோய் வைத்த முதல் வாரம் நான் திரையைப் பார்க்கவேயில்லை. பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, விளையாடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தோணி கவிழ்ந்ததும் அவர்களின் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையைக் கொப்பியில் எழுதினேன்.

ஒரு கொப்பி நிறைய எழுதியும், அடிப்படையில் இரண்டே வசனங்கள்தான் கிடைத்தன. ஒன்று, "நான்தான் பிந்திவிட்டேன்." மற்றது, "இது ஏமாற்றுகிறது."

முதல் வசனத்தைச் சொன்ன பிள்ளையின் கை தானாகவே அடுத்த டோக்கனைத் தேடும். இரண்டாவதைச் சொன்ன பிள்ளையும் சிலவேளை இன்னொரு டோக்கன் போடும். ஆனால் கோபத்தில் போடும். அந்த டோக்கனையும் இந்த டோக்கனையும் மாலையில் கல்லாவில் எண்ணும்போது வேறுபாடு தெரியாது. இந்தத் தொழிலில் நான் கண்ட மிகப் பெரிய ஆபத்து அதுதான். கணக்கு சரியாக இருக்கும்போதே விளையாட்டு செத்துக்கொண்டிருக்கும்.

இதை நான் எனது தவறு ஒன்றின் வழியாகவே கற்றேன். திருகோணமலைக் கடற்கரையில் சுற்றுலாப் பருவம் ஏறத்தாழ மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை. அந்த நாட்களில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வெளியூர்க்காரர் நிறைந்திருப்பார்கள். இரண்டு நாள் தங்குவார்கள், கோணேசர் கோயிலுக்குப் போவார்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிப்பார்கள், போய்விடுவார்கள். அப்படியான ஒரு பருவத்தின் நடுவில் நிலையத்தின் உரிமையாளர் என்னை அழைத்தார். "தம்பி, ஒரு பிள்ளை நாலைந்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றால், பின்னால் நிற்கிற பிள்ளை எப்போது காசு போடும்? கொஞ்சம் கடினமாக்கித் தாருங்கள்" என்றார். அவர் பேராசைக்காரர் அல்லர். வாடகை, மின்கட்டணம், இரண்டு பேரின் சம்பளம் எல்லாவற்றையும் அந்தச் சில மாதங்களில்தான் அவர் தேட வேண்டும்.

நான் மறுக்கவில்லை. இரண்டு அலைகளுக்கு நடுவில் இருந்த அமைதியை வெட்டினேன். பாறைகளின் வேகத்தைக் கூட்டினேன். வலை தப்பும் இடைவெளியைக் குறைத்தேன். ஒன்று கவிழ்ந்தால் கிடைக்கும் இரண்டாவது தோணியை எடுத்துவிட்டேன். ஓர் ஆட்டம் ஒன்றரை நிமிடத்துக்குள் முடியத் தொடங்கியது. வருமானம் ஏறியது. உரிமையாளர் மகிழ்ந்தார், நானும் மகிழ்ந்தேன்.

பிறகு மாரி வந்தது. வெளியூர்க்காரர் போய்விட்டார்கள். எஞ்சியவர்கள் உப்புவெளிப் பிள்ளைகளும், அன்புவழிபுரத்திலிருந்து சைக்கிளில் வருகிறவர்களும்தான். அவர்கள் மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தார்கள், இயந்திரத்தைப் பார்த்தார்கள், யாரும் டோக்கன் வாங்கவில்லை. ஏன் என்று ஒரு சிறுவனிடம் கேட்டேன். "அண்ணா, அது காசுக்குத்தான் விடும், விளையாட விடாது" என்றான். அவனுக்குப் பத்து வயதிருக்கும். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நான் கணக்கில் தவறவிட்டது இதைத்தான்: ஒரே தடவை வந்துபோகிறவரிடம் ஏமாற்று செல்லும், ஏனென்றால் அவர் ஏமாந்ததை உணரும் முன்பே கொழும்பு பஸ்ஸில் ஏறிவிடுகிறார். ஊர்ப் பிள்ளைக்கு நாளையும் அந்த இயந்திரம் அங்கேயே நிற்கும். வருமானம் ஏறியதை வைத்து விளையாட்டு நன்றாகிவிட்டது என்று நான் நம்பிய அந்த வாரங்களில், உண்மையில் நான் அளந்தது எங்களூருக்கு வருகிறவர்களின் எண்ணிக்கையை மட்டும்தான்.

இந்தத் துறை பிறந்த கதையிலேயே இதற்கான பாடம் இருக்கிறது. நோலன் புஷ்னெல், டெட் டாப்னி இருவரும் 1971இல் உருவாக்கிய கம்பியூட்டர் ஸ்பேஸ் என்ற இயந்திரம் அழகானது. ஆனால் கையாளக் கடினம் என்று பலர் விட்டு விலகினார்கள். அடுத்த ஆண்டு அட்டாரி நிறுவனத்தில் அலன் அல்கோர்ன் செய்த பொங், கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரிலுள்ள ஒரு மதுச்சாலையில் வைக்கப்பட்டது. சில நாட்களில் பழுதாகிவிட்டது என்று அழைப்பு வந்தது. அல்கோர்ன் போய்த் திறந்து பார்த்தால், நாணயம் நிரம்பி வழிந்து அடைத்திருந்தது. பந்தைத் தவறவிடாதே, புள்ளி ஏறும் என்ற அளவில்தான் அதன் விளையாட்டு விதி இருந்தது. தோற்றவருக்குத் தான் ஏன் தோற்றேன் என்று அந்தக் கணமே தெரிந்தது.

1978இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட ஸ்பேஸ் இன்வேடர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 55 எதிரிகள் வரிசையாக இறங்கி வருவார்கள். அவர்கள் குறையக் குறைய வரைய வேண்டிய உருவங்கள் குறைந்து, எஞ்சியவை தாமாகவே வேகமெடுத்தன. வன்பொருளின் இந்தப் போதாமையை, அதை வடிவமைத்த டொமொஹிரோ நிஷிகாடோ பிழை என்று திருத்தாமல் வைத்துக்கொண்டார். விளையாடுகிறவர் வெல்ல வெல்லத்தான் ஆட்டம் இறுகுகிறது. தண்டனைக்காகக் கூட்டிய கடினத்துக்கும் வெற்றியோடு கூடவே வளரும் கடினத்துக்கும் உள்ள தூரத்தை நான் அதில்தான் கண்டேன்.

ஆனால் என் மேசையில் எப்போதும் திறந்திருக்கும் பாடப்புத்தகம் 1980இல் நம்கோ நிறுவனத்துக்காக டோரு இவாதானி செய்த பாக்மேன்தான். நான்கு பேய்கள் உங்களைத் துரத்திவரும். சிவப்பு நேரே துரத்தும். இளஞ்சிவப்பு, நீங்கள் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். நீலம் சிவப்பு நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு வரும். செம்மஞ்சள் கிட்ட வந்ததும் விலகி ஓடிவிடும். நான்கும் ஒரே மாதிரித் துரத்தினால் அது வெறும் அடி. நான்கு குணம் இருப்பதால் அவற்றைப் படிக்கலாம்.

எங்களூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை, கிளித்தட்டு விளையாடிய எவருக்கும் புரியும். குறுக்குக் கோடுகளில் மறிக்கிறவர்கள் தத்தம் கோட்டை விட்டு அசைய முடியாது; கிளி எனப்படும் ஒருவருக்கு மட்டும் எல்லாக் கோடும் சொந்தம். யார் எங்கே வரலாம், எங்கே வர முடியாது என்று தெரிந்துகொண்டே நாம் ஓடுகிறோம். அதனால்தான் கிளி முதுகில் தட்டும்போது, மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டே வெளியேறுகிறோம்.

பாக்மேனில் இன்னொரு கொடை உண்டு. முதல் மட்டத்தில் பேய்கள் ஏழு விநாடி தத்தம் மூலைக்குத் திரும்பிப் போகும், பிறகு இருபது விநாடி துரத்தும், மீண்டும் ஏழு விநாடி விலகும். விளையாடுகிறவருக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறார் இவாதானி. டோக்கன் கணக்கில் பார்த்தால் அந்த ஏழு விநாடி நட்டம்தான். ஆனால் அந்த ஏழு விநாடியில்தான் மனிதர் யோசிக்கிறார், திட்டமிடுகிறார், "இம்முறை வலப்பக்கம்" என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்கிறார். கரைவலை விளையாட்டில் நான் முதலில் வெட்டி எறிந்ததும் இதையே. இரண்டு அலைகளுக்கு நடுவில் இருந்த அமைதியை.

மறுபக்கத்து உதாரணங்களும் உண்டு. 1985இல் வந்த கோன்ட்லெட்டில் நான்கு பேர் ஒரே திரையில் சேர்ந்து ஆடலாம். அந்தத் தோழமை எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஒன்றும் செய்யாமல் நின்றாலும் அதில் உயிர் ஒவ்வொரு எண்ணாகக் குறைந்துகொண்டே போகும், நாணயம் போட்டால் ஏறும். திறமைக்கும் அந்தக் குறைவுக்கும் தொடர்பு சிறிதுதான். 1990இல் வந்த டபுள் டிராகன் மூன்றாம் பாகமோ, விளையாட்டுக்குள்ளேயே கடை திறந்து, புதிய அடிகளையும் பாத்திரங்களையும் மேலும் நாணயம் போட்டு வாங்கச் சொன்னது. ஜப்பானியப் பதிப்பில் அந்தக் கடைகளை எடுத்தே விட்டார்கள். இன்றைய கைத்தொலைபேசி விளையாட்டுகளின் விதை அங்கேயே இருக்கிறது.

கடினத்தைக் கூட்டிக் குறைப்பதை நான் குற்றம் என்று சொல்லவில்லை. பழைய ஆர்கேட் பலகைகளிலேயே அதற்கென்று சிறு சுவிட்ச் வரிசை இருந்தது. எத்தனை உயிர், எவ்வளவு கடினம் என்று நிலையக்காரரே தீர்மானிக்கலாம். கடினமான விளையாட்டைப் பிள்ளைகள் நேசிக்கிறார்கள். அநீதியான விளையாட்டைத்தான் வெறுக்கிறார்கள். இந்த இரண்டையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சிறு இடங்களில் ஓடுகிறது. அந்த இடங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் தோணி திரையில் தெரியும் அளவைவிட, பாறையில் மோதுவதாகக் கணக்கிடப்படும் அதன் உடல் சிறியது. விளிம்பு பாறையை உரசினாலும் தோணி தப்பிவிடும். விளையாடுகிறவர் "மயிரிழையில் தப்பினேன்" என்று கத்துவார். நான் அந்த உடலைத் திரையின் அளவுக்கே சரியாக வைத்திருந்தபோது, அதே இடத்தில் "தொடவே இல்லையே!" என்ற கூச்சல்தான் வந்தது. இயந்திரத்தின் கணக்கு சரிதான், ஆனால் மனிதக் கண் அப்படிப் பார்ப்பதில்லை. அதேபோல, துள்ளிக் குதிக்கும் விளையாட்டுகளில் விளிம்பைத் தாண்டி ஐந்தாறு பிரேம் (திரையில் அடுத்தடுத்து மாறும் படம்) கழித்துப் பொத்தானை அழுத்தினாலும் குதிக்கவிடுவது நல்ல வடிவமைப்பாளரின் பழக்கம். விநாடிக்கு அறுபது பிரேம் என்றால் அது விநாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. யாரும் கவனிக்கமாட்டார்கள், ஆனால் அதை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் வலிக்கும்.

எங்கள் கடற்கரையில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது, உப்புக்காற்று. பொத்தானுக்கு அடியிலுள்ள சிறு சுவிட்சின் தொடுமுனை துருப்பிடித்தால் மூன்று முறை அழுத்த ஒருமுறை வேலை செய்யும். நாணயப் பெட்டியை மாதம் தவறாமல் துடைக்கிற நிலையங்கள், பொத்தான்களை ஆண்டுக்கு ஒருமுறைகூடத் திறப்பதில்லை. பிள்ளை சரியான நேரத்தில்தான் அழுத்தியது, தோணி திரும்பவில்லை. அந்தப் பிள்ளையிடம் நீங்கள் வாங்கிய டோக்கன் திருட்டுப் பொருள்தான், நான் அதை வேறு சொல்லால் சொல்லமாட்டேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பொம்மை தூக்கும் இயந்திரத்தின் முன் பிள்ளை அழுதால், கை சரியில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அந்த இடுக்கியின் இறுக்கத்தை நிலையக்காரர் அமைக்க முடியும். பல இயந்திரங்களில் இத்தனை ஆட்டத்துக்கு ஒருமுறைதான் அது முழு இறுக்கத்துடன் பிடிக்கும். கைத்தொலைபேசியிலும், தோற்றவுடன் "அரை மணி நேரம் காத்திரு, அல்லது வாங்கு" என்று சொல்வது, காசை வைரக்கல்லாக மாற்றி உண்மை விலையை மறைப்பது, உள்ளே என்ன என்று தெரியாத பெட்டியை விற்பது எல்லாம் இதே குடும்பம். அந்தப் பெட்டிகளைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் 2018இலேயே தீர்மானித்துவிட்டது. பிள்ளை தோற்றதும் அதன் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையைக் கேளுங்கள். உங்களுக்கு வேறு எந்தத் தொழில்நுட்ப அறிவும் தேவையில்லை.

அந்த மாரியிலேயே உரிமையாளரிடம் போய், என் கொப்பியைக் காட்டி, பழைய அமைப்புக்குத் திரும்ப அனுமதி கேட்டேன். அவர் கொப்பியை நெடுநேரம் புரட்டினார். "சீசனுக்குத் திரும்பக் கேட்பேன் தம்பி" என்றார். "கேளுங்கள் அண்ணா, அப்போது ஆட்டத்தைச் சுருக்காமல் இரண்டாவது இயந்திரம் வைப்போம்" என்றேன். அலைகளுக்கு நடுவிலான அமைதியையும் இரண்டாவது தோணியையும் திருப்பிக் கொடுத்தேன். எல்லாப் பொத்தான்களையும் மாற்றினேன்.

பிள்ளைகள் உடனே திரும்பி வரவில்லை. ஏமாந்தவர்களுக்கு நம்பிக்கை மெதுவாகத்தான் வரும். தை பிறந்த பிறகு ஒரு மாலை, அந்தச் சிறுவன் தன் தங்கையோடு வந்தான். அவளுக்காக ஒரு டோக்கன் வாங்கினான், தான் விளையாடவில்லை, பின்னால் நின்று பார்த்தான். மூன்றாவது பாறையில் தோணி கவிழ்ந்தது. நான் கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். அவள் திரும்பி அண்ணனைப் பார்த்து, "நான்தான் பிந்தித் திருப்பினேன், இல்லையா?" என்று கேட்டாள். அவன் அதற்குப் பதில் சொல்லாமல், அவளைச் சற்று நகர்த்திவிட்டுத் தன் சட்டைப் பைக்குள் கையை விட்டான்.